மணலில் கட்டை வைத்த கதை

எங்கள் கார் எண்ணூறு சி.சி. முன்னாலிருக்கும் இரண்டு சக்கரங்கள் இழுக்கும். பின்னாலிருக்கும் இரண்டும் ஆட்சேபணை இல்லாமல் கூடவே வரும். எங்கள் குடும்பமும் ஏறக்குறைய இதே அமைப்பில்தான் ஓடுகிறது. அதில் நான் எந்தச் சக்கரம் என்பதை இதைப் படித்து முடிப்பதற்குள் தெரிந்துகொள்வீர்கள்.

பதினோரு வருடமாக இந்தக் காரில் பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறி இறங்குகிறேன். மனைவிக்கு அங்கே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விளையாட்டு டீச்சர் வேலை. எனக்குப் பதுளையில் ஓர் அலுவலகத்தில், சிங்களத்தில் யாருக்கும் புரியாத சுற்றறிக்கைகளைத் தமிழிலும் யாருக்கும் புரியாதபடி மாற்றிக் கொடுக்கும் வேலை. காலையில் அவளைப் பாடசாலை இருக்கும் மேல் டிவிசனில் இறக்கிவிட்டு, எட்டரைக்குள் மேசைக்கு வந்துவிட வேண்டும்.

கடைசி மூன்று மைல் தோட்டத்து ரோடு. யாரோ ஒரு காலத்தில் கல் பதித்த ரோடு. இப்போது பாதிக் கல் இருக்கிறது, பாதிக் கல் இருந்த இடம் இருக்கிறது. அதில் வண்டி ஓட்டுவதற்கென்று எங்கள் பக்கத்தில் ஒரு சாஸ்திரம் உண்டு. முதல் கியரைவிட்டு மாறக்கூடாது. ஒவ்வொரு கல்லையும் பார்த்து, யோசித்து, அதன் தலைமேல் ஏறி இறங்க வேண்டும். சந்தேகம் வந்தால் நிறுத்திவிட வேண்டும். டயரில் காற்று கல்லைப்போல இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கல் அதைக் கிழித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டை.

அந்த ஏற்றங்களில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்துகிறவனை எங்கள் ஊரில் பக்திமான் என்பார்கள். நாங்கள் கட்டையை நம்புகிறவர்கள். முக்கோணமாக அறுத்த ஒரு மரத்துண்டு, இடப்பக்க சீட்டுக்கு அடியில் கிடக்கும். வண்டி நின்றதும் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் குதித்து இறங்கி அதைப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பது மாமனாராக இருந்தாலும் சரி, ஞானஸ்நானம் கொடுக்கப் போகும் ஃபாதராக இருந்தாலும் சரி. என் மனைவி வண்டி முழுதாக நிற்கும் முன்னரே இறங்கிவிடுவாள். பதினோரு வருடப் பழக்கம். தூக்கத்தில் நான் புரண்டு படுத்தால்கூட அவள் கை சீட்டுக்கு அடியில் துழாவுமோ என்று சந்தேகம் எனக்கு.

இப்படிப்பட்ட மலைக்காரியைக் கடல் எப்படிப் பிடித்தது என்று சொல்ல வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பாடசாலைச் சுற்றுலா ஒன்றில் காவலுக்குப் போனாள். பொத்துவில் பக்கத்துக் கடற்கரையில் சில பெண்கள் பலகையின்மேல் நின்றபடி அலையில் வந்துகொண்டிருந்தார்களாம். வெள்ளைக்காரிகள் அல்ல; அந்த ஊர்ப் பெண்கள், மீன்பிடிக் குடும்பத்தார், நீளக் கை சட்டையும் தலையில் துணியும் கட்டியவர்கள். எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றிருக்கிறார்கள். ஒருத்தி, "டீச்சர், நமக்கெல்லாம் இது வருமா?" என்று கேட்டிருக்கிறாள். இவள் வழக்கம்போல, "ஏன் வராது? மொதல்ல நான் பழகிட்டு ஒங்களுக்குச் சொல்லித்தாறேன்" என்றிருக்கிறாள். ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் இப்படி ஆயிரம் சொல்வார்கள். சொன்னதைச் செய்யக் கிளம்பியவள் என் மனைவி ஒருத்திதான்.

நாற்பத்து நாலு வயதில் தோட்டத்து ஆற்று மடுவில் நீந்தக் கற்றாள். அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் பஸ் ஏறி அந்தப் பெண்களிடம் போனாள். முட்டியில் காயம், விலாவில் காயம், ஒரு முறை மூக்கில் காயம். அந்தப் பெண்கள் ஒரு குழுவாக இயங்குகிறார்கள். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஒரு வாரம் பலகையும் கொடுத்து, கூட நின்று கற்றும் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: கூட வரும் டீச்சர் அவர்களுடைய சோதனையில் தேற வேண்டும். மூன்று அலையில் எழுந்து நிற்க வேண்டும். தண்ணீரில் தத்தளிக்கும் ஒருவரைக் கரைக்கு இழுத்து வர வேண்டும். தேறினால் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். அந்தத் தாள் இல்லாமல் அதிபர் அனுமதிக்க மாட்டார். பதினெட்டுப் பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் பதினோராம் வகுப்பு. வருடம் முடிந்தால் ஒருத்தி கொழும்பில் துணிக்கடைக்கு, ஒருத்தி கார்மெண்ட்ஸுக்கு என்று சிதறிவிடுவார்கள்.

முதல் சோதனையில் இவள் தோற்றாள். இரண்டு அலையில் நின்றாள், மூன்றாவதில் விழுந்தாள். கிழக்குக் கரையில் அலை நன்றாக இருப்பது ஒக்டோபர் வரைதான். அதற்கு முன் இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கடலென்றால் பயம். பத்தொன்பது வயதில் முதன்முதலாகப் பார்த்தபோது, இவ்வளவு தண்ணீர் இந்தப் பக்கம் உருண்டு வருகிறதே, இதற்குக் கட்டை வைக்க யாரும் இல்லையா என்றுதான் தோன்றியது. அவள் இரண்டாவது சோதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாளொன்றில், சோறு பிசைந்தபடி, "அந்தப் புள்ளைங்களுக்குக் கடல் பாக்கணும்னா போன்ல பாத்துக்கலாமே" என்று சொல்லிவிட்டேன். அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அடுத்து இரண்டு நாளும் என்னோடு பேச்சில்லை. மூன்றாம் நாள் நானே, காரில் கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன். அது அன்பா, பிராயச்சித்தமா என்று கேட்டால் சுற்றறிக்கை மொழியில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்: மேற்கூறிய இரண்டும்.

சோதனை நடக்கும் கடற்கரை பொத்துவிலில் இல்லை. பாணமையைத் தாண்டி, கிரவல் ரோட்டில் போய், அதிலிருந்து பிரியும் ஒரு தடத்தின் முடிவில் இருந்தது. அடியில் பாறையில்லாத, விழுந்தாலும் மணலில் விழும் இடம். சோதனை எடுக்கும் பெண் போனில் தெளிவாகவே சொன்னாள்: காலை ஆறரைக்கு வந்துவிட வேண்டும், எட்டரைக்கு மேல் காற்று எழும்பி அலையைக் குழப்பிவிடும். ரோட்டைப் பற்றியும் சொன்னாள். கார் சரிவராது, ஃபோர் வீல் ஜீப் இல்லாவிட்டால் ஆட்டோ பிடித்து வாங்க என்றாள்.

நான் சிரித்தேன். மேல் டிவிசனுக்கு மழையில் ஏறுகிறவனிடம் சமதரையைப் பற்றிப் பயமுறுத்துகிறாளே என்று. புறப்படுமுன் பதுளையில் பெட்ரோல் செட்டில் நிறுத்தி நாலு டயருக்கும் காற்றை முப்பத்தெட்டுக்கு ஏற்றினேன். காற்றடித்த பையன் இரண்டு முறை கேட்டான். மோசமான ரோட்டுக்குப் போகிறேன் என்று அவனுக்கு விளக்கம் வேறு கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பசறை, மொணராகலை, சியம்பலாண்டுவை வழியாக இறங்கினோம். பலகை கூரைமேல். அடியில் நாலு கொழுந்துச் சாக்கை மடித்துக் கொடுத்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். வழியில் இரண்டு இடத்தில் பொலிஸ் நிறுத்தி, அது என்ன கதவா என்று கேட்டது. ராத்திரி பொத்துவிலில் ஓர் அறையில் தங்கிவிட்டு, சனிக்கிழமை விடியும்போது கிளம்பினோம்.

பாணமை தாண்டி கிரவல் ரோடு நன்றாகவே இருந்தது. பள்ளங்கள் இருந்தன, ஆனால் எங்கள் ரோட்டில் இவற்றைப் பள்ளம் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ரோட்டோரம் மயில்கள் நின்றன. தூரத்தில் எருமைகள் பனியில் பாதி உடம்போடு தெரிந்தன. நான் ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்தேன். மூன்றாவது வளைவில் மனைவி, "ஏங்க, இங்க யானை இருக்குங்க. அதைக் கூப்பிடாதீங்க" என்றாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் வாக்கியம் அது. மற்ற நேரமெல்லாம் இரண்டு உள்ளங்கையையும் தொடையில் வைத்து, கண்ணை மூடி, உள்ளுக்குள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் எழும்போது எந்தக் கால் முதலில், எந்தக் கை எப்போது என்று.

தடம் பிரிந்தது. இரு பக்கமும் முட்புதர், நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். முதல் ஐந்நூறு யார் தூரம் இறுகிய மண். அதன் பிறகு மண்ணின் நிறம் வெளிறியது. எதிரே ஒரு நீளத்துக்கு, சலித்து வைத்த அரிசி மாவு மாதிரி மணல்.

சாஸ்திரப்படி செய்தேன். முதல் கியருக்கு மாற்றினேன். வேகத்தைக் குறைத்தேன். பார்த்தேன். யோசித்தேன். சந்தேகம் வந்தது. நிறுத்தினேன்.

கார் நின்றது மட்டுமல்ல, உட்கார்ந்தது. நாய் படுக்குமுன் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டு தாழுமே, அப்படி. நான் மறுபடி ஆக்சிலேட்டரை மிதித்தேன். முன் சக்கரங்கள் சுற்றின. ஆனால் எங்கும் போகவில்லை; கீழே போயின.

அதற்குள் இடப்பக்கக் கதவு திறந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், என் மனைவி இறங்கிப் போய்ப் பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருக்கிறாள். தட்டுப்போலச் சமமான நிலத்தில். கார் உருண்டு போவதற்கு அந்தக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஓர் அங்குலம் இறக்கம் கிடையாது. அவளே வைத்துவிட்டு ஒரு கணம் அதையே பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து சிரித்திருப்போம். ஆனால் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு பத்து.

சக்கரத்துக்கு அடியில் கல் கொடுப்போம் என்று தேடினேன். எங்கள் ஊரில் கல்லைத் தேடுகிறவனை மனநல வைத்தியரிடம் அனுப்புவார்கள். இங்கே கால் மைல் அலைந்து ஒரே ஒரு கல் கிடைத்தது. கொண்டுவந்து முன் சக்கரத்துக்கு அடியில் வைத்து மிதித்தேன். கார் அந்தக் கல்லை மாத்திரை மாதிரி விழுங்கிவிட்டு இன்னும் ஒரு சாண் இறங்கியது. இப்போது வண்டியின் வயிறே மணலில் படிந்திருந்தது.

மனைவி என் எதிரில் வந்து நின்றாள். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது எனக்குப் பழக்கமான பாஷை. அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"வேணும்னே செஞ்சீங்களா?"

"இல்ல" என்றேன்.

அவள் என் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூரையிலிருந்த கயிற்றை அவிழ்த்தாள். ஒரு கொழுந்துச் சாக்கைச் சுருட்டித் தலையில் வைத்து, பலகையைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். உதவப் போன என் கை அந்தரத்தில் நின்றது. பள்ளி விடுமுறைகளில் அவளுடைய அம்மாவோடு மலையில் கொழுந்தும் விறகும் சுமந்தவள்; எட்டடிப் பலகை அவளுக்கு ஒரு பாரமா. "நான் நடந்துர்றேன். நீங்க வண்டியப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தடத்தில் நடந்தாள். முட்புதருக்கு மேலே அந்தப் பலகை மட்டும் கொஞ்ச நேரம் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

காரில் சாய்ந்து நின்றேன். இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் அது உண்மையா என்று எனக்கே கொஞ்ச நேரம் தெரியவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியம். ஆனால் பசறையிலிருந்து இறங்கும்போது, ரேடியேட்டர் கொதித்தால் என்ன, ஒரு மரம் விழுந்து ரோடு அடைபட்டால் என்ன, இந்தச் சனிக்கிழமை இப்படியே கடந்துபோனால் என்ன என்று மனது ஓரிரு முறை அந்தப் பக்கம் போய் வந்தது. அவள் தண்ணீரில் மூழ்கி எழும் அந்த மூன்று நான்கு செக்கன்களை நினைக்கும்போதெல்லாம் அப்படித்தான். நான் விரும்பியதைக் கார் கேட்டுவிட்டதோ என்று அந்த மணலில் நின்று பயந்தேன். படித்தவன் பயப்பட வேண்டிய விஷயமல்ல. ஆனாலும் பயந்தேன்.

அப்போதுதான் பின்னால் ஓர் ஆட்டோ வந்து நின்று ஹோர்ன் அடித்தது. கூரையில் இரண்டு பலகை. ஓட்டி வந்தவள் முப்பது வயதுப் பெண், நீளக் கை சட்டை, தலையில் துணி, வெயிலில் கறுத்த முகம். இறங்கி வந்து காரைப் பார்த்தாள், கூரையில் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள், பின் சக்கரத்துக் கட்டையைப் பார்த்தாள். கட்டையைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள்.

"டீச்சர்ட ஹஸ்பண்ட்தானே?" என்றாள்.

சோதனை எடுக்க வேண்டியவள் அவள்தான். அந்தத் தடத்தில் ஒரு வண்டிதான் போகலாம். அந்த ஒரு வண்டியாக நான் உட்கார்ந்திருந்தேன். சுற்றிப் போக வழியில்லை. என் மனைவி அங்கே போய்ச் சேர்ந்தாலும் சோதனை எடுக்க ஆள் இருக்க மாட்டாள்; ஆளை இங்கே நான் மறித்து வைத்திருக்கிறேன். நேரம் போகப் போக இரண்டு பேருக்கும் சமமாகவே போனது. தாமதித்தவள் என்று என் மனைவியை இனி யாரும் சொல்ல முடியாது. இவ்வளவு நேர்த்தியான நியாயத்தை நான் என் அறிவைக்கொண்டு ஒருநாளும் ஏற்படுத்தியிருக்க மாட்டேன்.

அவள் டயரைக் காலால் தட்டிப் பார்த்தாள். "எவ்வளவு காத்து?"

"முப்பத்தெட்டு."

"லொறிக்கா?"

நான் விளக்கத் தொடங்கினேன். கல்லு ரோட்டில் காற்று இறுக்கமாக இருக்க வேண்டும் என்று. அவள் ஒரு கையை உயர்த்தினாள். "அண்ணன், இங்க எங்க கல்லு? காத்தை இறக்குங்க."

"எவ்வளவு?"

"டயருக்கு வயிறு தள்ளுற மட்டும்."

மலைக்காரனிடம் டயர்க் காற்றை வேண்டுமென்றே இறக்கச் சொல்வதும் கோவில் உண்டியலை உடைக்கச் சொல்வதும் ஒன்றுதான். ஒரு குச்சியால் வால்வை அழுத்திக்கொண்டு குந்தியிருந்தேன். பதுளையில் ஏற்றிய காற்று பாணமைக் காட்டில் உஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. பம்புக்கு எங்கே போவது என்று கேட்டேன். மறுகா பார்ப்போம், பாணமையில் பம்ப் இருக்கு, முதலில் வெளியே வாங்க என்றாள். நாலு டயரும் தாழ்ந்து, மணலின்மேல் வாத்தின் கால்போல அகன்று உட்கார்ந்தன. இரண்டு பேரும் மண்டியிட்டு, சக்கரத்துக்கு முன்னாலிருந்த மணலைக் கையால் வழித்துச் சரிவாக்கினோம். வயிற்றுக்கு அடியில் கிடந்ததையும் தோண்டினோம். அவள் இரண்டு கிளையை முறித்து முன் சக்கரத்தடியில் போட்டாள். கட்டையையும் அவளேதான் எடுத்தாள். எடுத்து, என் கையில் கொடுத்தாள்.

"இனி ரெண்டாங் கியர். ஒருக்கா எழும்பினா கடல் தெரியுற மட்டும் நிப்பாட்டப்படாது. யோசிக்கிறதை வீட்ட வச்சுக்கொள்ளுங்க."

பின்னாலிருந்து அவள் தள்ள, கார் ஒரு முறை முனகி, ஒரு பக்கம் சறுக்கி, மேலே வந்தது. நான் மிதித்தேன். ஸ்டீயரிங் என் கையில் இல்லை; அது தன்பாட்டில் இடமும் வலமும் அசைந்துகொண்டிருந்தது. மலையில் இப்படி அசைந்தால் மறுநாள் மரண அறிவித்தல். இங்கே கார் படகுபோல மிதந்து போனது. பயத்தில் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டே போனேன். மகிழ்ச்சியில் போட்ட சத்தமும் கொஞ்சம் அதில் கலந்திருந்ததென்று இப்போது நினைக்கிறேன்.

கடற்கரையில் யாருமில்லை. என் மனைவி மட்டும் பலகையை மணலில் கிடத்தி, பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு ஐந்து. அவளைப் பொறுத்தவரை சோதனை எடுக்க வந்தவள் மறித்துக் கிடக்கும் காரைப் பார்த்துவிட்டுத் திரும்பியே போய்விட்டாள். எல்லாம் முடிந்துவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பியவள், முதலில் எங்கள் காரையும் அதன் பின்னால் ஆட்டோவையும் பார்த்து எழுந்து நின்றாள். அவள் அழுதிருந்தாள் என்று தெரிந்தது. நான் தெரியாத மாதிரி டயரைப் பார்த்தேன்.

ஆட்டோக்காரி என்ன நடந்தது என்று அவளிடம் இரண்டே வரியில் சொல்லிவிட்டு, புதர்களின் நுனியைப் பார்த்தாள். இன்னும் அசைவு இல்லை. நேரம் இருக்கிறது, இறங்குங்க டீச்சர் என்றாள்.

அலைகள் கரையின் வளைவைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக உரிந்து வந்தன. என் மனைவி குப்புறப் படுத்துக் கையால் துடுப்புப் போட்டு வெளியே போனாள். முதல் அலையில் நின்றாள். இரண்டாவதில் முழங்காலுக்கு மேல் எழவில்லை. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்றாவதில் நின்றாள். நாலாவதில் எழுந்தாள், தள்ளாடினாள், இரண்டு கையையும் அகலமாக நீட்டினாள். நான் நின்ற இடத்தில் என் முழங்காலும் வளைந்தது. விழவில்லை. சரிவில் கொழுந்தெடுக்கிறவர்கள் எப்படி நிற்பார்களோ அப்படி, குதியை ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, கடைசிவரை வந்து மணலில் இறங்கினாள். தோட்டத்தில் முப்பது பாகைச் சரிவில் ஒரு காலம் முழுக்க நின்ற குடும்பத்துக்குக் கடல் என்ன புதிதாகச் சறுக்கிவிடப் போகிறது என்று எனக்குத் தோன்றியது. அந்தக் காலை முழுவதிலும் எனக்குத் தோன்றியவற்றில் சரியான ஒரே எண்ணம் அதுதான்.

பிறகு இழுத்து வரும் சோதனை. வழக்கமாகத் தத்தளிப்பதற்கு ஆட்டோக்காரியின் தங்கச்சி வருவாளாம். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். சோதிக்கிறவள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், தானே தத்தளிக்க முடியாது. அவள் கடற்கரையின் இரு பக்கமும் பார்த்தாள். ஒரு நாய் இருந்தது. நானும் இருந்தேன்.

"அண்ணன், நீந்துவீங்களா?"

"தெரியாதும்மா."

"நல்லம். அப்ப நடிக்கத் தேவையில்ல."

ஒரு பாதுகாப்பு ஜாக்கெட்டை எனக்கு மாட்டினாள். அதன் பட்டி என் வயிற்றில் கடைசித் துளையில்தான் போட முடிந்தது. அலை உடையும் இடத்தைத் தாண்டி, நெஞ்சளவு தண்ணீருக்குக் கூட்டிப் போய் விட்டாள். அவள் நாலு முழம் தள்ளி நின்றாள். அது பெரிய ஆறுதல். காலைத் தூக்குங்க என்றாள். தூக்கினேன். ஐம்பத்திரண்டு வருடம் தரையில் நின்ற ஒருவன் தரையை விடுவதென்பது சின்ன விஷயமில்லை. வானம் மேலே வந்தது. காதுக்குள் கடல் வந்தது. நான் நடிக்கவில்லை என்பதை அந்தப் பகுதி மீன்கள் எல்லாம் உறுதிப்படுத்தும்.

ஒரு கை என் தாடைக்கு அடியில் வந்தது.

"காலை ஒதைக்காதீங்க. சும்மா இருங்க. நான் இருக்கேன்."

சும்மா இருந்தேன். அவள் மூச்சு என் காதுப் பக்கத்தில் கேட்டது. ஒரு கையால் என்னைப் பிடித்து, மறு கையால் தண்ணீரை வழித்து இழுத்துப் போனாள். பதினோரு வருடம் இவளைக் கல்லிலும் சேற்றிலும் ஏற்றி இறக்கியது நான் என்று ஒரு நினைப்பு எனக்கு எப்போதும் இருந்தது. அது அந்த நூறு யார் தூரத்துக்குள் கரைந்து போய்விட்டது. போனதில் எனக்கு நட்டமில்லை. பயம் விட்டதா என்றால் இல்லை. ஆனால் பயத்தோடேயே படுத்திருக்கலாம் என்று தெரிந்தது. வழியில் ஓர் அலை எங்கள்மேல் உடைந்தது. அவள் கை நழுவியது. தண்ணீர் என் மூக்கால் போய் வேறெங்கோ வந்தது. அடுத்த கணம் தலைமுடி இழுபட்டது. பிறகு மீண்டும் தாடையில் கை. பிறகு முதுகில் மணல்.

இருமி முடிக்கும்வரை ஆட்டோக்காரி பொறுத்திருந்தாள். பிறகு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் குந்தினாள். இடையில் பிடியை விட்டால் தேறியதாகக் கணக்கில்லை; அலை உடைந்தபோது விட்டாளா என்று ஆட்டோக்காரிக்குச் சரியாகத் தெரியவில்லையாம். அதை இழுக்கப்பட்டவரிடம்தான் கேட்க வேண்டும் என்பது அவர்கள் முறை.

"டீச்சர் இடையில உங்களை விட்டவவா?"

மனைவி கொஞ்சம் தள்ளி நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவள் எடுத்த சிரமம் தெரிந்தது. பதினெட்டுப் பிள்ளைகளும் என் வாயில் நின்றார்கள். பொய் சொல்ல எனக்கு ஒரு தடையும் இல்லை. சம்பளத்துக்கே நான் அதைவிடப் பெரிய விஷயங்களை மழுப்பி எழுதுகிறவன். ஆனால் நாளைக்கு அந்தத் தண்ணீரில் கிடக்கப் போவது நானல்ல, யாரோ ஒருவருடைய பிள்ளை.

"தாடையிலிருந்து கை போச்சு" என்றேன். "ஆனா விடல. முடியப் புடிச்சிட்டா."

ஆட்டோக்காரி என் தலையைப் பார்த்தாள். அங்கே பிடிப்பதற்கு அதிகம் ஒன்றுமில்லை. "இதையா?"

"இருக்கிறதுல புடிச்சா."

அவள் சிரிக்கவில்லை. முடியைப் பிடிப்பது நாங்களும் சொல்லிக் கொடுக்கிறதுதான், அது விட்டதாகக் கணக்கில்லை என்று சொல்லி, தாளை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். என் மனைவி தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். பிறகு என் பக்கம் வந்து, தன் துவாயை என் தலையில் போட்டுத் துடைத்துவிட்டாள். கொஞ்சம் பலமாகத்தான் துடைத்தாள். இருந்த முடிக்கு அது ஆபத்து. ஆனால் காலையில் அவள் கேட்ட கேள்விக்கு என் பதிலை அவள் இப்போது நம்புகிறாள் என்று அந்தத் துடைப்பிலிருந்து எனக்குத் தெரிந்தது.

அங்கே போனுக்கு சிக்னல் இல்லை. ஆட்டோக்காரிக்கு நான் சொன்ன நன்றியை அவள் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. பம்ப் இருக்கிற கடை ஒன்பதுக்குத்தான் திறக்கும் என்று மட்டும் சொன்னாள். வயிறு தள்ளிய டயர்களோடு பாணமை வரை வந்தோம். குளத்து அணைக்கட்டின்மேல் ஏறியபோது மனைவியின் போன் இரண்டு முறை முனகியது. நிறுத்துங்க என்றாள்.

பதினெட்டில் ஒருத்தியின் வீட்டுக்குத்தான் எடுத்தாள். அந்த லயத்து வீட்டு வரிசையில் சிக்னல் உள்ள போன் அது ஒன்றுதானாம். மறுமுனையில் முதல் மணியிலேயே எடுத்தார்கள். யாரோ ஒரு பிள்ளை ஏதோ கேட்டது எனக்கும் கேட்டது, என்னவென்று விளங்கவில்லை. பின்னால் இன்னும் பல குரல்கள். சனிக்கிழமை காலையில் எல்லோரும் அந்த ஒரு காம்பரா அறையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை.

என் மனைவி தொண்டையைச் செருமி, தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற குரலில், "எல்லாரும் அம்மாகிட்ட கையெழுத்து வாங்கி வைங்க. திங்கக்கெழம கொண்டு வரணும்" என்றாள்.

அந்தப் பக்கம் எழுந்த சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.